சட்டைப் பை ஞாபகம்

நாவலைப் பற்றி அபிப்பிராயம் சொல்லுகிறவன் யந்திரத்தைப் பற்றியும் சொல்லலாமா என்று நீங்கள் கேட்கலாம். சொல்லலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. யந்திரத்தின் வயிற்றுக்குள்ளே என்ன நடக்கிறது என்பதை எஞ்சினீயர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அது நமக்கு என்ன வாக்குக் கொடுத்தது, அந்த வாக்கை எவ்வளவு தூரம் காப்பாற்றியது என்று சொல்ல, அதைக் கையில் வைத்துக்கொண்டு ஏமாந்தவனுக்கு உரிமை உண்டு. நான் அப்படி ஏமாந்தவர்களில் ஒருவன்.

1990-களின் நடுவில், சிங்கப்பூரிலிருந்து வந்த என் மைத்துனர் எனக்கு ஒரு டிஜிட்டல் டைரி கொண்டு வந்து கொடுத்தார். மூடினால் மூக்குக் கண்ணாடிக் கூடு. திறந்தால் ஒரு பக்கம் சின்னத் திரை, மறுபக்கம் கடுகு கடுகாய்ப் பொத்தான்கள். பெயர், விலாசம், டெலிபோன் நம்பர், இன்ன தேதியில் இன்ன வேலை என்று எல்லாவற்றையும் அதில் போட்டு வைக்கலாம். பெயரைத் தட்டினால் விலாசம் வந்து நிற்கும். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதைத் தட்டிக் காட்டி நான் அடைந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அதற்குத் தமிழ் தெரியாது என்பதைக்கூட நான் ஒரு குறையாக நினைக்கவில்லை. நண்பர்களின் பெயரிலிருந்த 'ழ'கரங்களையெல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் நசுக்கிப் போட்டு விட்டு, திருப்தியாக மூடி வைத்தேன்.

என் முதல் கதைகளை வரிவரியாக அடித்துத் திருத்திக் கொடுத்த தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். மனைவி காலமான பிறகு, இருந்த வீட்டை ஒழித்து விட்டு, வடக்கே மகன் வீட்டோடு போய்விட்டார். போகிற அன்று புது விலாசத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழ்திக் கொடுத்தார். அவர் எதிரிலேயே அதை யந்திரத்தில் ஏற்றி, ஏற்றிய வேகத்தில் காகிதத்தைக் கசக்கி எறிந்தேன். அவர் சிரித்துக்கொண்டார். சில மாதங்கள் கழித்துத் திரையின் எழுத்து மங்கியது. பாட்டரி தீர்ந்து விட்டது என்று தெரிந்து, முதுகு மூடியைக் கழற்றி, உள்ளே பொட்டு மாதிரி இருந்த இரண்டு பாட்டரிகளையும் எடுத்து விட்டுப் புதிதாகப் போட்டேன். திரை பளிச்சென்று வந்தது. உள்ளே ஒரு பெயர் இல்லை. இரண்டில் ஒன்று காவல் பாட்டரியாம். இரண்டையும் ஒரே சமயத்தில் எடுக்கக் கூடாதாம். இந்தச் செய்தி, கூட வந்த புத்தகத்தின் நடுவில் எறும்பு எழுத்தில் அச்சாகியிருந்தது.

அதன் பிறகு அவரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. நாலு வரி க்ஷேம லாபம். மேலே விலாசம் எழுதவில்லை. 'விலாசம்தான் உன்னிடம் இருக்கிறதே, பதில் போடு' என்று முடித்திருந்தார். தபால் முத்திரையில் பாதி எழுத்துத்தான் விழுந்திருந்தது. நான் பதில் போடவில்லை.

இந்தக் கதையின் மிச்சத்தைப் பின்னால் சொல்லுகிறேன். இதற்குப் பிறகுதான் இந்த வகை யந்திரங்களின் சரித்திரத்தைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, நாவலுக்கு நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல் இதற்கும் பொருந்துவதைக் கண்டேன். எந்தப் படைப்புக்கும் எல்லை உண்டு. சிறுகதையில் ஒரு வம்சத்தின் கதையைச் சொல்ல முடியவில்லையே என்று யாரும் குறை சொல்வதில்லை. தன் எல்லையை அறிந்து, அதை நம்மிடம் ஒளிக்காமல் சொல்லி விட்ட படைப்பு சிறியதாக இருந்தாலும் நிற்கிறது. எல்லை இல்லாதது போல் பாவனை செய்கிற படைப்பு பெரியதாக இருந்தாலும் சரிகிறது. கையடக்க ஞாபக யந்திரங்களில் மூன்றை எடுத்துக்கொண்டு இதைப் பார்க்கலாம்.

முதலாவது, இங்கிலாந்தில் பிறந்தது. டேவிட் பாட்டர் என்பவர் 1980-ல் ஸையான் என்ற கம்பெனியைத் தொடங்கினார். அந்தக் கம்பெனி 1984-ல் 'ஆர்கனைஸர்' என்ற யந்திரத்தை வெளியிட்டது. இழுத்து மூடுகிற உறை போட்ட, செங்கல்லுக்குத் தம்பி மாதிரியான ஒரு பெட்டி. திரையில் ஒரே ஒரு வரி. அந்த வரியில் 16 எழுத்து. பொத்தான்கள் டைப்ரைட்டரில் உள்ளபடி இல்லாமல், அரிச்சுவடி வரிசையில் இருந்தன. அதன் சொந்த ஞாபகம் 2 கிலோபைட். அதாவது ஏறக்குறைய 2,000 எழுத்து. இந்தக் கட்டுரையின் முதல் ஒன்றிரண்டு பக்கங்களிலேயே அது நிரம்பிப் போயிருக்கும்.

குறிப்புகளை நிரந்தரமாக வைக்க வேண்டுமானால் 'டேட்டாபாக்' என்ற சின்னப் பேழையை வாங்கி அதன் முதுகில் செருக வேண்டும். இந்தப் பேழையில்தான் ரஸமான விஷயம் இருக்கிறது. அதில் எழுதியதை அழிக்க முடியாது. 'அழித்து விடு' என்று சொன்னால், அந்தக் குறிப்பின்மேல் 'இது செல்லாது' என்று யந்திரம் ஓர் அடையாளம் போட்டுக்கொள்ளும், நமக்குக் காட்டாது, ஆனால் அது பிடித்த இடம் பிடித்ததுதான். திருத்தினாலும் அப்படியே. பழையது செல்லாக் காசாகக் கிடக்க, புதியது வேறு இடத்தில் ஏறும். இப்படியே நாளடைவில் பேழை நிரம்பி விடும். அப்போது அதைக் கழற்றி, புற ஊதாக் கதிர் விளக்கின் கீழே காட்ட வேண்டும். உள்ளே சிறைப்பட்டிருந்த மின்னேற்றமெல்லாம் அந்த ஒளியில் கசிந்து வெளியேற, வேண்டியது வேண்டாதது எல்லாம் ஒருங்கே போய், பேழை மறுபடி வெறுமையாகும்.

நம் முன்னோர் பனையோலையில் எழுத்தாணியால் கீறினார்கள். கீறியதை அழிக்க முடியாது. அடித்து விட்டுப் பக்கத்தில் எழுதலாம். முடியாமற் போனால் வேறு ஓலைக்குப் போக வேண்டும். ஸையான் பேழையும் ஏறக்குறைய ஓலை ஜாதிதான். இதில் வசதிக் குறைவு நிரம்ப உண்டு. 16 எழுத்துத் திரையில் ஒரு விலாசத்தைப் படிப்பது, கதவிடுக்கு வழியாக ஊர்வலம் பார்ப்பது போன்றது. ஆனால் வஞ்சனை இல்லை. தன்னால் முடிந்தது இவ்வளவுதான் என்பதை, திறந்த மாத்திரத்தில் அந்த ஒற்றை வரியே சொல்லி விடுகிறது. 1986-ல் இரண்டு வரித் திரையோடு வந்த இரண்டாவது ஆர்கனைஸர், கடைகளிலும் கிடங்குகளிலும் சரக்குக் கணக்கு எடுக்கிறவர்கள் கையில் வெகு காலம் உழைத்தது. அதிகம் பேசாத, சொன்ன வேலையைச் செய்கிற குமாஸ்தா என்று அதற்கு நற்சாட்சிப் பத்திரம் கொடுக்கலாம்.

இரண்டாவது, குமாஸ்தா அல்ல, காரியதரிசி. 1992 ஜனவரியில் அமெரிக்காவில் லாஸ்வேகாஸ் கண்காட்சியில், ஆப்பிள் கம்பெனியின் தலைவராக இருந்த ஜான் ஸ்கல்லி இந்த வகை யந்திரத்துக்கு ஒரு நாமகரணம் செய்தார். சொந்த டிஜிட்டல் உதவியாளர் என்பது அந்தப் பெயரின் பொருள். பெயர் வைத்து ஒன்றரை வருஷத்துக்கு மேல் கழித்து, 1993 ஆகஸ்டில் குழந்தை பிறந்தது. நியூட்டன் மெஸேஜ்பாட் என்று பெயர். விலை 699 டாலர். பொத்தானே வேண்டாம், எழுத்தாணியால் திரைமேல் உங்கள் சொந்தக் கையெழுத்தில் எழுதினால் போதும், அது படித்துப் புரிந்து கொள்ளும் என்பதுதான் அதன் மகா வாக்கு. 'வியாழக்கிழமை இன்னாரோடு மத்தியானச் சாப்பாடு' என்று கிறுக்கினால், அந்தக் கிழமையைத் தேடிப் பிடித்து, இன்னாரையும் தேடிப் பிடித்து, தானே குறித்துக் கொள்ளுமாம்.

கற்பனை உயர்ந்த கற்பனைதான். அதை நான் பரிகசிக்க மாட்டேன். மனிதன் யந்திரத்துக்காக வளைவதை விட்டு, யந்திரம் மனிதனுக்காக வளையட்டும் என்று நினைத்தார்களே, அது பெரிய மனசு. மாஸ்கோவில் தோன்றிய பாராகிராப் என்ற ஸ்தாபனத்தார் கையெழுத்தைப் படிக்கும் வித்தையைச் செய்து கொடுத்தார்கள். அந்த வித்தை, சேர்த்தெழுதிய எழுத்தைக்கூட அகராதியின் துணையோடு முழுச் சொல்லாக ஊகிக்கும். எழுதியது என்ன சொல்லாக இருக்கலாம் என்று தன்னிடமுள்ள பட்டியலில் தேடி, நெருங்கிய ஒன்றை எடுத்து வைக்கும். அகராதியில் உள்ள சொல்லுக்கு இது சரி. ஆனால் விலாசப் புத்தகத்தில் எழுதுகிறவன் முக்கியமாக என்ன எழுதுவான்? ஆட்களின் பெயரும் தெருக்களின் பெயரும்தான். அவை எந்த அகராதியிலும் இரா. எந்த வேலைக்காக வாங்கினோமோ, அந்த வேலையிலேயே அது அதிகமாகத் தடுமாறியது. எழுதுகிறவரின் கைப்பழக்கத்தை அது நாளடைவில் கற்றுக் கொள்ளும் என்றார்கள். உண்மைதான். ஆனால் கடையில் காட்சிக்கு வைத்த யந்திரத்தில் போகிறவர் வருகிறவர் எல்லாம் எழுதிப் பார்த்தால் அது யாருடைய கையைக் கற்கும்?

வெளிவந்த அதே மாதத்தில், காரி ட்ரூடோ என்ற கார்ட்டூன்காரர் தம்முடைய 'டூன்ஸ்பரி' படத் தொடரில் இதைப் பிடித்துக்கொண்டார். பாத்திரம் ஒன்று எழுத, யந்திரம் வேறொன்று படிக்க, அமெரிக்கா முழுவதும் காலைக் காப்பியோடு சிரித்தது. அந்தச் சிரிப்பிலிருந்து நியூட்டன் மீளவே இல்லை. இத்தனைக்கும், 1996-க்குப் பிறகு வந்த நியூட்டன்கள் தனித்தனியாக எழுதிய எழுத்தை நன்றாகவே படித்தன. யார் கேட்டார்கள்? முதல் அத்தியாயத்தில் வாசகனை ஏமாற்றிய நாவலாசிரியன், பன்னிரண்டாவது அத்தியாயத்தில் எவ்வளவு நன்றாக எழுதி என்ன? புத்தகத்தை மூடிவிட்டவனுக்கு அது தெரியப் போவதில்லை. 1998 பிப்ரவரியில் ஆப்பிள் கம்பெனி நியூட்டனுக்கு மங்களம் பாடிவிட்டது.

மூன்றாவது யந்திரத்தின் கதை மரக்கட்டையில் தொடங்குகிறது. ஜெப் ஹாக்கின்ஸ் என்ற எஞ்சினீயர் 1992-ல் பாம் என்ற கம்பெனியை ஆரம்பித்தார். உள்ளங்கை என்று பொருள். கேஸியோ கம்பெனி தயாரிக்க, அவருடைய கம்பெனி மென்பொருள் எழுதிக் கொடுத்த 'ஜூமர்' என்ற யந்திரம் 1993-ல் வந்து, நியூட்டனைப் போலவே விழுந்தது. விழுந்தவர் அடுத்தபடியாகச் செய்ததுதான் அழகு. சட்டைப் பையில் அடங்குகிற அளவுக்கு ஒரு மரக்கட்டையை அறுத்துக்கொண்டார். எழுத்தாணிக்குப் பதில் ஒரு குச்சி. போகிற இடமெல்லாம் அதைப் பையில் போட்டுக்கொண்டு போவார். யாராவது சந்திக்க நேரம் கேட்டால், கட்டையை வெளியே எடுத்து, இல்லாத திரையை, இல்லாத பொத்தானைத் தட்டிப் பார்த்து, 'அன்று ஒழிவுதான்' என்பார். பார்த்தவர்கள் என்ன நினைத்துக்கொண்டார்களோ! ஆனால் எது தேவை, எது தேவையில்லை என்பதை அந்தக் கட்டைதான் அவருக்குச் சொல்லிக் கொடுத்தது. அது இன்று கலிபோர்னியாவில் கம்ப்யூட்டர் சரித்திரக் காட்சிசாலையின் சேகரத்தில் இருக்கிறது. எழுதுவதற்கு முன் வேண்டாததை நீக்கத் தெரிவதுதான் எழுத்துக் கலை என்று நான் இளைஞர்களிடம் சொல்வதுண்டு. இனிமேல் அந்தக் கட்டையையும் உதாரணம் காட்டலாம்.

1996-ல் 'பைலட்' வெளிவந்தது. விலை 299 டாலரிலிருந்து. ஞாபகம் 128 கிலோபைட். நான்கு காரியத்துக்கு நான்கு பொத்தான்: தேதி, விலாசம், செய்ய வேண்டியவை, குறிப்பு. சாதாரணக் கடையில் கிடைக்கிற சின்ன பாட்டரி இரண்டு போட்டால் வாரக் கணக்கில் ஓடும். இவற்றையெல்லாம் விட முக்கியம், அது எழுத்துக்குச் செய்த ஏற்பாடு. 'உங்கள் கையெழுத்தை என்னால் படிக்க முடியாது. என்னுடைய எழுத்தை நீங்கள் கற்றுக் கொள்ளுங்கள். பிறகு தவறாமல் படிக்கிறேன்' என்று அது சொல்லிவிட்டது. கிராபிட்டி என்று அந்த எழுத்துக்குப் பெயர். ஒவ்வொரு எழுத்தும் ஏறக்குறைய ஒரே இழுப்பு. இங்கிலீஷ் 'ஏ'க்கு நடுக்கோடு கிடையாது, கூரை மட்டும். 'டி'க்கு மேல்கோட்டை இழுத்து அப்படியே கீழே இறங்க வேண்டும். எழுதுவதும் திரையின் அடியில் ஒரு சின்னக் கட்டத்துக்குள்ளேதான்; ஓர் எழுத்தின் மேலேயே அடுத்த எழுத்து. ஜனங்கள் கொஞ்ச நேரம் கை பழகிக்கொண்டு, சந்தோஷமாக எழுத ஆரம்பித்து விட்டார்கள்.

இங்கே ஒரு நியாயமான ஆக்ஷேபணை எழும். மனிதன் தன் கையெழுத்தை யந்திரத்துக்காக மாற்றிக் கொள்வது அவமானமில்லையா? நியூட்டன் தோற்றாலும் லட்சியவாதி. பைலட் ஜெயித்தாலும் வியாபாரி என்று சொல்லக்கூடாதா? நானும் வெகு நாள் அப்படித்தான் நினைத்தேன். கையெழுத்து என்பது ஆளின் முகம் மாதிரி. என் ஆசிரியர் எழுதிய கார்டை நூறு கார்டுகளுக்கு நடுவில் போட்டாலும் நான் எடுத்து விடுவேன். அப்படிப்பட்ட கையை வளைக்கச் சொல்ல இந்தப் பெட்டி யார்?

ஆக்ஷேபணைக்கு வலுச் சேர்க்கிற ஒரு பின்கதையும் உண்டு. ஒற்றை இழுப்பு எழுத்தில் தனக்கு முன்பே காப்புரிமை உண்டென்று ஜெராக்ஸ் கம்பெனி 1997-ல் வழக்குப் போட்டது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2003-ல் பாம் தன் எழுத்து முறையை வேறொன்றாக மாற்றியது. ஏழு வருஷமாகக் கையைப் பழக்கி வைத்திருந்தவர்கள், புது யந்திரம் வாங்கினால் மறுபடி அரிச்சுவடி படிக்க வேண்டியதாயிற்று. 2006-ல் 2 கோடியே 25 லட்சம் டாலரில் கம்பெனிகளுக்குள் சமாதானம் ஆகிவிட்டது. வளைந்த கைகளுக்கு யாரும் நஷ்ட ஈடு கொடுத்ததாகத் தெரியவில்லை. யந்திரத்தோடு செய்து கொள்ளும் உடன்படிக்கையில் இந்த ஆபத்து எப்போதும் இருக்கிறது: நாம் வளைந்தது நிலைத்து விடும், அது கொடுத்த வாக்கு மாறி விடும்.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும், மூன்றில் என் வோட்டு பைலட்டுக்குத்தான். காரணம் கிராபிட்டி அல்ல, வேறொன்று. பைலட்டும் பாட்டரி அடியோடு தீர்ந்தால் எல்லாவற்றையும் மறந்து விடுகிற யந்திரந்தான். என் டிஜிட்டல் டைரிக்கும் அதற்கும் இந்த விஷயத்தில் வித்தியாசம் இல்லை. ஆனால் தன் மறதியை அது முதல் நாளே ஒப்புக்கொண்டு விட்டது. கூடவே ஒரு தொட்டில் கொடுத்தார்கள். மேஜைக் கம்ப்யூட்டரோடு இணைத்த அந்தத் தொட்டிலில் யந்திரத்தை உட்கார வைத்து, ஒரே ஒரு பொத்தானை அழுத்தினால், உள்ளே இருப்பதெல்லாம் அங்கே ஒரு பிரதி ஏறிவிடும். 'நான் மறந்து போகக் கூடியவன். வீட்டில் ஒரு பிரதி வைத்துக்கொள்' என்பதுதான் அந்தப் பொத்தானின் அர்த்தம். மறதியைப் புத்தகத்தின் நடுவே எறும்பு எழுத்தில் ஒளித்து வைப்பதற்கும், விரலுக்கு எட்டும் இடத்தில் பொத்தானாக வைப்பதற்கும் உள்ள தூரம்தான், மோசமான படைப்புக்கும் நல்ல படைப்புக்கும் உள்ள தூரம்.

இன்று இந்த யந்திரங்கள் ஒன்றும் இல்லை. 2007-ல் ஐபோன் வந்து எழுத்தாணியையே தூக்கி எறிந்தது. பாம் கம்பெனி 2010-ல் கைமாறி, மறு வருஷமே அதன் யந்திரங்களும் நின்று போயின. இப்போது நம் பையில் இருக்கிற போனுக்குத் தமிழ் தெரியும், 'ழ' தெரியும், ஆயிரம் புத்தகம் கொள்ளும். தொலைந்தாலும் எங்கோ ஒரு தேசத்தில் பிரதி இருக்கிறது என்கிறார்கள். எல்லையே கண்ணுக்குத் தெரியவில்லை. அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. எல்லை தெரியாத யந்திரத்தை எல்லை இல்லாத யந்திரம் என்று நினைத்துக் கொள்வது சுலபம். உங்கள் வீட்டாரின் நம்பர்களில் எத்தனை உங்களுக்கு மனப்பாடம் என்று ஒரு தரம் எண்ணிப் பாருங்கள்.

கதையின் மிச்சம் பாக்கி இருக்கிறது. கார்டு வந்து ஒரு வருஷம் ஆவதற்குள், ஆசிரியர் காலமான செய்தியைப் பொதுவான நண்பர் ஒருவர் வந்து சொன்னார். அந்த நண்பரிடம் ஆசிரியரின் விலாசம் இருந்தது. ஆரம்பத்திலிருந்தே இருந்தது. அவர் வீடு என் வீட்டிலிருந்து பஸ்ஸில் அரைமணி நேரம். நான் ஒரு தரமாவது போய்க் கேட்டிருக்கலாம், போகவில்லை. 'யந்திரத்தில் அழிந்து போய்விட்டது' என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைக் கேட்ட எல்லாரும் யந்திரத்தைத்தான் திட்டினார்கள். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது.

ஆகவே விமர்சனத்தை நியாயமாக முடிக்க வேண்டுமானால், மூன்று யந்திரங்களோடு நாலாவதாக ஒருவனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தன் எல்லையை ஒளித்தது அந்த டிஜிட்டல் டைரி மட்டும் அல்ல. அந்தக் கார்டு இன்னும் என் மேஜை டிராயரில் இருக்கிறது. எழுத்து மங்கவில்லை.